சிறையில் இருப்பவருக்குப் பணம்: குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

குடும்பத்தில் ஒருவர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார் என்ற செய்தி கிடைத்ததும், அவருக்குக் கையில் காசு இருக்கின்றதா என்றே வீட்டிலுள்ள தாயும் மனைவியும் முதலில் கேட்கின்றனர். சவர்க்காரம், பற்பசை, மாற்றுடுப்பு, வழமையாகக் குடிக்கும் மருந்து என்று அவர்களது எண்ணம் ஓடுகின்றது. கடன் வாங்கியாவது, காதிலுள்ளதை அடகு வைத்தாவது ஒரு தொகையைத் திரட்டி விடுகின்றனர். ஆனால் அந்தப் பணத்தை எவரிடம் கொடுப்பது, எதற்காகக் கொடுப்பது, கொடுத்ததற்கு என்ன சான்று பெறுவது என்பன அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரியாமையின் காரணமாக அந்தப் பணம் இடைத்தரகர்களிடம் போய்ச் சேர்ந்துவிடுவதும் உண்டு.

மட்டக்களப்பு நகரை அண்டிய அமிர்தகழி, மாமாங்கேஸ்வரர் ஆலயத்தாலும் அதன் தீர்த்தக் குளத்தாலும் நாடறிந்த கிராமம். ஆடி அமாவாசைக்குப் பல்லாயிரம் பேர் கூடும் இக்கிராமமும் அயற்கிராமங்களும் வாவித் தொழிலையும் கூலித் தொழிலையும் நம்பி வாழும் மக்களைக் கொண்டவை. வாவியின் மறுபுறத்தே காத்தான்குடியிலும் வடக்கே ஏறாவூரிலும் வாழும் முஸ்லிம் மக்களின் நிலையும் இவ்விடயத்தில் வேறுபட்டதன்று. போர்க் காலத்திலும் அதன் பின்னரும் சிறைச்சாலை வாயிலில் காத்து நிற்கும் அனுபவம் இவ்விரு சமூகங்களுக்கும் பொதுவானதாகவே இருந்து வந்துள்ளது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நீண்டகாலம் தடுத்து வைக்கப்பட்ட தமிழ் இளைஞர்களின் பெற்றோரும், 2019 ஏப்ரல் 21ஆம் திகதியின் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளை அடுத்து அதே சட்டத்தின் கீழ் கைதான முஸ்லிம்களின் குடும்பத்தினரும் ஒரே வகையான வாயிலில் ஒரே வகையான கேள்விகளுடன் நின்றவர்களே. எனவே சிறையில் இருப்பவருக்குப் பணம் சேர்ப்பிப்பது தொடர்பான அடிப்படை விடயங்களை இங்கு தொகுத்து நோக்குவது பயனுடையதாகும்.

பணம் கைதியின் கைக்குச் செல்வதில்லை

இலங்கையின் சிறைச்சாலைகள் 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழும் அதன் விதிகளின் கீழும் நிர்வகிக்கப்படுகின்றன. பிரித்தானியர் ஆட்சியில் இயற்றப்பட்ட இச்சட்டம் பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. சிறைக்குள் கைதி தம்வசம் காசு வைத்திருப்பதை உலகின் பெரும்பாலான சிறை நிர்வாகங்கள் அனுமதிப்பதில்லை. காசு கைமாறும் இடத்தில் சூதாட்டமும் மிரட்டிப் பறித்தலும் போதைப்பொருள் வியாபாரமும் தலைதூக்கும் என்பதே அதற்கான காரணமாகும். ஆகவே சிறைக்கு வரும்போது ஒருவரிடமிருந்த பணமாயினும், பின்னர் அவர் பெயருக்குக் கொடுக்கப்படும் பணமாயினும் நிர்வாகத்தின் பொறுப்பில் வைக்கப்பட்டு அவரது பெயரில் பதியப்பட வேண்டும்.

இதற்கான சர்வதேச நியமத்தை ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் காணலாம். கைதியின் பணமும் பெறுமதிமிக்க பொருட்களும் பாதுகாப்பாக வைக்கப்பட வேண்டும், அவற்றின் விபரப்பட்டியலில் கைதி ஒப்பமிட வேண்டும், விடுதலையாகும்போது அவை திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும், வெளியிலிருந்து பின்னர் அனுப்பப்படும் பணமும் இவ்வாறே கையாளப்பட வேண்டும் என்று அவ்விதிகளில் 67ஆவது விதி கூறுகின்றது. சிறையில் வேலை செய்யும் கைதிக்கு நியாயமான ஊதியம் வழங்கப்பட வேண்டும், அதில் ஒரு பகுதியை அவர் செலவிடவும் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு அனுப்பவும் இடமளிக்கப்பட வேண்டும், ஒரு பகுதி சேமிப்பாக வைக்கப்பட வேண்டும் என்பது 103ஆவது விதியின் சாரமாகும். இவ்விதிகள் நேரடியாகச் சட்டவலுக் கொண்டவையல்ல எனினும், ஒரு சிறை நிர்வாகம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கான அளவுகோலாக அவை கொள்ளப்படுகின்றன.

இதிலிருந்து குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பணம் கொடுக்க விரும்பும் ஒருவர் சிறைச்சாலை அலுவலகத்துக்குச் சென்று, கைதியின் முழுப்பெயரையும் கைதி இலக்கத்தையும் தெரிவித்து, அதிகாரபூர்வமான வழியிலேயே அதனைச் செலுத்த வேண்டும். உடனேயே பற்றுச்சீட்டுக் கோர வேண்டும். பார்வையிடும் வேளையில் கம்பிக்கு ஊடாகக் காசு கொடுப்பதும், உணவுப் பொட்டலத்தினுள்ளோ உடுப்பின் மடிப்பினுள்ளோ மறைத்து அனுப்புவதும் தடைசெய்யப்பட்ட செயல்களாகும். பாசத்தினால் செய்தேன் என்ற சமாதானம் சட்டத்தின் முன் எடுபடாது. கொடுத்தவரும் வழக்கில் சிக்க நேரும். உள்ளே இருப்பவரும் சலுகைகளை இழக்க நேரும்.

விளக்கமறியல் கைதியும் தண்டனைக் கைதியும்

சிறையில் உள்ள அனைவரும் ஒரே நிலையினர் அல்லர். குற்றவாளியாகக் காணப்படாத விளக்கமறியல் கைதிக்கும் தண்டனை பெற்ற கைதிக்கும் சட்டம் வேறுபாடு காட்டுகின்றது. விளக்கமறியல் கைதி, நிர்வாகத்தின் பரிசோதனைக்கு உட்பட்டு, தமது சொந்தச் செலவில் வெளியிலிருந்து உணவு, உடை, படுக்கை முதலியவற்றைப் பெற்றுக்கொள்ள அனுமதிக்கப்படலாம். மண்டேலா விதிகளும் விசாரணைக் கைதிகளுக்கு இவ்வுரிமையை வலியுறுத்துவதோடு, புத்தகம், பத்திரிகை, எழுதுகருவி என்பவற்றைச் சொந்தச் செலவில் பெறவும் இடமளிக்கின்றன.

தண்டனைக் கைதியைப் பொறுத்தவரை இச்சலுகைகள் குறைவு. அவருக்கு உணவும் உடையும் அரசினால் வழங்கப்படுகின்றன. வெசாக், நோன்புப் பெருநாள், தீபாவளி, நத்தார் போன்ற பண்டிகைகளின்போதும், செப்டெம்பர் 12ஆம் திகதி அனுஷ்டிக்கப்படும் தேசிய சிறைக்கைதிகள் தினத்தின்போதும் வீட்டு உணவைக் கொண்டுசெல்ல விசேட அனுமதி வழங்கப்படுவது வழக்கமாக இருந்து வருகின்றது. இத்தினங்களுக்கான ஒழுங்குகளைச் சிறைச்சாலைகள் திணைக்களம் முன்கூட்டியே அறிவிப்பதால், அவற்றை அறிந்து செல்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

ஆகவே பணத்தைத் திரட்டுமுன் தமது உறவினர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதையும், எதை அனுப்பலாம் எதை அனுப்பக்கூடாது என்பதையும் சிறைச்சாலையில் விசாரித்தறிவது அவசியமாகும். காசாகக் கொடுப்பதைவிடத் தேவையான பொருளாகக் கொடுப்பது சில வேளைகளில் இலகுவாக அமையும்.

விடுதலைக்கு உதவும் பணம்

சிறையிலுள்ளவரின் செலவுக்கென அனுப்பும் பணத்தைவிட, அவரை வெளியே கொண்டுவரும் பணம் முக்கியமானது என்பதைப் பல குடும்பங்கள் சிந்திப்பதில்லை. நீதிமன்றம் விதித்த தண்டப்பணத்தைச் செலுத்த இயலாமையால் சிறை செல்வோர் தண்டனைக் கைதிகளில் பெரும் பகுதியினராக இருந்து வருவதைச் சிறைச்சாலைகள் திணைக்களத்தின் புள்ளிவிபரங்களே பல ஆண்டுகளாகக் காட்டி வந்துள்ளன. வறுமையே இவர்களது சிறைவாசத்துக்குக் காரணம் என்றால் அது மிகையாகாது.

தண்டப்பணம் செலுத்தத் தவறியமைக்காக மட்டுமே ஒருவர் சிறையில் இருப்பாராயின், அப்பணம் செலுத்தப்படும் வேளையில் அச்சிறைத்தண்டனை முடிவடைந்துவிடும். அதுமட்டுமன்றி, ஏற்கெனவே அனுபவித்த காலத்துக்கு விகிதாசாரமாகச் செலுத்த வேண்டிய தொகையும் குறையும். உதாரணமாக, 30,000 ரூபா தண்டமும் அதைச் செலுத்தத் தவறின் ஆறு மாதச் சிறையும் விதிக்கப்பட்ட ஒருவர் இரண்டு மாதங்களை அனுபவித்துவிட்டால், எஞ்சிய நான்கு மாதங்களுக்குரிய 20,000 ரூபாவைச் செலுத்தி விடுதலை பெற இடமுண்டு. இதை அறியாத ஒரு குடும்பம், மாதந்தோறும் சிறுகச் சிறுகப் பணம் அனுப்பி, ஆறு மாத முடிவில் கணக்குப் பார்த்தால் அந்தத் தொகையையே செலவிட்டிருக்கக்கூடும். உழைக்க வேண்டியவரின் ஆறு மாத வருமானமும் இழக்கப்பட்டிருக்கும். தண்டத்துடன் தனியாகச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டிருந்தால் இக்கணக்குப் பொருந்தாது என்பதையும் கவனத்திற் கொள்ள வேண்டும். வழக்கு இலக்கத்துடன் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்தால் சரியான தொகையை அறியலாம்.

தீர்ப்பளிக்கப்படும் நாளிலேயே தண்டத்தைச் செலுத்தக் கால அவகாசம் கோரவும், தவணை முறையில் செலுத்த அனுமதி கேட்கவும் வழியுண்டு. சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையைப் பிறப்பிக்க 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கின்றது. நீதவானிடம் இவற்றை எடுத்துரைக்க ஒரு சட்டத்தரணி முன்னிலையாகாத காரணத்தினாலேயே பலர் சிறை செல்கின்றனர். வசதியற்றோருக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இலவசச் சேவை வழங்குகின்றது. அதன் நிலையமொன்று மட்டக்களப்பிலும் இயங்குகின்றது.

பிணை தொடர்பாகவும் தெளிவு வேண்டும். பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்பது 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் அடிப்படையாகும். சரீரப் பிணையெனில் பணம் செலுத்தத் தேவையில்லை. பிணையாளிகள் தமது அடையாள அட்டையுடனும் வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தரின் சான்றுடனும் முன்னிலையாக வேண்டும். காசுப் பிணையெனில் அத்தொகை நீதிமன்றத்திலேயே செலுத்தப்பட வேண்டும். அது நீதிமன்றத்தில் வைப்பிலிடப்படும் தொகையே அன்றிச் செலவன்று. நிபந்தனைகள் மீறப்படாதவிடத்து வழக்கு முடிவில் செலுத்தியவருக்கு அது மீளக் கிடைக்கும். ஆதலால் அந்தப் பற்றுச்சீட்டைக் காணி உறுதியைப் போல் பாதுகாப்பது நல்லது. விதிக்கப்பட்ட தொகை குடும்பத்தின் சக்திக்கு மீறியதாயின் அதனைத் தளர்த்துமாறு நீதிமன்றைக் கோரலாம். பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளுக்கும், பாரதூரமான போதைப்பொருள் வழக்குகளுக்கும் இப்பொதுவிதி பொருந்தாது. அவற்றில் சட்டத்தரணியின் ஆலோசனை இன்றியமையாதது.

தாபரிப்புப் பணம் செலுத்தத் தவறிச் சிறை செல்வோரும் உளர். முஸ்லிம்களைப் பொறுத்தவரை 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றம் விதிக்கும் தாபரிப்புத் தொகையின் நிலுவை, நீதவான் நீதிமன்றத்தினூடாகத் தண்டப்பணம் போன்று அறவிடப்படுகின்றது. இங்கு செலுத்தப்படும் பணம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரியது என்பதால், உள்ளே இருப்பவரின் செலவுக்கு அனுப்புவதற்கு முன்னர் இந்நிலுவையைத் தீர்க்க உறவினர் முன்வருவதே முறையாகும்.

தூரமும் ஒரு செலவே

உறவினர் மட்டக்களப்புச் சிறைச்சாலையில் இருப்பாராயின் அமிர்தகழியிலிருந்து ஒரு காலைப் பொழுதில் சென்று திரும்பலாம். கொழும்பு மகசின், வெலிக்கடை அல்லது பூசா முகாமில் இருந்தவர்களின் குடும்பங்களுக்கோ, கையில் கொண்டுசென்ற பணத்தைவிடப் பயணச் செலவே கூடுதலாக இருந்தது. 1989ஆம் ஆண்டு முதல் இலங்கையில் பணியாற்றி வரும் சர்வதேச செஞ்சிலுவைக் குழு, தடுத்து வைக்கப்பட்டோரைப் பார்வையிட்டதோடு அவர்களது குடும்பத்தினரின் பயணச் செலவுக்கும் நீண்டகாலம் உதவியது. பல தாய்மார் அந்த உதவியினாலேயே தமது பிள்ளையின் முகத்தைக் கண்டனர். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு 2022ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தம் தடுப்புக்காவலின் உச்ச காலத்தைப் பதினெட்டு மாதங்களிலிருந்து பன்னிரண்டு மாதங்களாகக் குறைத்தது; குடும்பத்தினருடன் தொடர்புகொள்ளும் உரிமையையும் எழுத்தில் ஏற்றது. கிரான் கடற்கரையில் 2021 மே மாதம் நினைவேந்தல் தொடர்பில் கைதான பத்துப் பேர் அவ்வாண்டின் இறுதியிலேயே பிணையில் வெளிவந்தனர் என்பதை நினைவிற் கொண்டால், இத்தகைய தடுப்புக்காவல் ஒரு குடும்பத்தின் பொருளாதாரத்தை எத்தனை மாதங்களுக்கு முடக்கிவிடும் என்பது புலப்படும்.

தொலைபேசியில் வரும் கோரிக்கை

கைத்தொலைபேசி ஊடாகப் பணம் அனுப்பும் ஈசி காஷ் போன்ற சேவைகள் பரவிய பின்னர் ஏமாற்றுவோரின் வேலை இலகுவாகியுள்ளது. ‘உங்கள் மகனுக்குச் சுகமில்லை, உடனே பணம் போடுங்கள்’ என்றும், ‘பிணை எடுத்துத் தருகின்றோம், இந்த இலக்கத்துக்கு அனுப்புங்கள்’ என்றும் அழைப்பு வந்தால் பதற்றமடையாது சிந்திக்க வேண்டும். தண்டப்பணமோ பிணைப் பணமோ ஒருவரின் தனிப்பட்ட தொலைபேசி இலக்கத்துக்குச் செலுத்தப்படுவதில்லை. உள்ளே இருப்பவரே அழைத்து வேறொருவரின் கணக்குக்குப் பணம் அனுப்பக் கேட்டால், அவர் மிரட்டப்படுகின்றார் அல்லது போதைப்பொருட் கடனில் சிக்கியுள்ளார் என்று ஐயுற இடமுண்டு. கேட்ட தொகையை அனுப்புவது அவரைக் காப்பாற்றாது. அடுத்த மாதம் கேட்கப்படும் தொகையை அது கூட்டிவிடும். இவ்வாறான நிலையில் சிறைச்சாலை அத்தியட்சகருக்கும் சட்டத்தரணிக்கும் அறிவிப்பதே தக்கது.

மத்திய கிழக்கில் பணிபுரியும் தாய்மாரும், மேலை நாடுகளில் வாழும் உறவினரும் இதில் விசேட கவனம் செலுத்த வேண்டும். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தை நம்பிக்கைக்குரிய நெருங்கிய உறவினரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பி, அவர் மூலம் சிறைச்சாலையிலோ நீதிமன்றிலோ செலுத்துவித்து, பற்றுச்சீட்டின் பிரதியைப் பெற்றுக்கொள்வது பாதுகாப்பானது.

அலுவலர் எவரேனும் சலுகைக்காகப் பணம் கேட்டால் அது இலஞ்சமாகும். இது பற்றி இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். சிறையினுள் இழைக்கப்படும் கொடுமைகள் பற்றி மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கோ அதன் மட்டக்களப்புப் பிராந்திய அலுவலகத்துக்கோ அறிவிக்கலாம்.

ஏனைய நாடுகளில்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2020 நவம்பர் முதல் கைதிக்குத் தபாலில் காசோ காசோலையோ பொதுவாக அனுப்ப முடியாது. வங்கி அட்டை மூலம் இணையத்தினூடாகச் செலுத்துவதே பொதுவான முறையாகும். அங்கு கைதி ஒரு வாரத்தில் செலவிடக்கூடிய தொகைக்கு வரம்புண்டு. அமெரிக்காவிலோ இச்சேவையின் பெரும் பகுதி தனியார் நிறுவனங்களின் கைகளில் உள்ளது. அனுப்பும் ஒவ்வொரு தடவையும் குடும்பங்களிடம் கட்டணம் அறவிடப்படுவது அங்கு நீண்டகாலக் குறைபாடாகும். விடுதலையாகும் கைதிகளின் பணத்தை அட்டைகளில் ஏற்றிக் கட்டணம் அறவிட்டமைக்காக ஜேபே என்ற நிறுவனம் 2021ஆம் ஆண்டு அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகத்தின் நடவடிக்கைக்கு உள்ளாகி, 60 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது. பணம் செலுத்தும் முறையை நவீனமாக்குவது மட்டும் ஏழைக்கு நீதியாகிவிடாது என்பதற்கு இது சான்றாகும்.

செய்ய வேண்டியவை

மனித உரிமைகள் ஆணைக்குழு 2018இல் இருபது சிறைகளில் கள ஆய்வு நடத்தி 2020இல் வெளியிட்ட அறிக்கை, கொள்ளளவை இரு மடங்குக்கும் மேலாக மீறிய நெரிசலைச் சுட்டிக்காட்டியது. நெரிசல் மிக்க சிறையில் சவர்க்காரத்துக்கும் மருந்துக்கும் குடும்பத்தை நம்பியிருக்கும் நிலை ஏற்படுகின்றது. குடும்பமே இல்லாதவர், அல்லது குடும்பத்தால் கைவிடப்பட்டவர், வசதியுள்ள கைதிக்குக் குற்றேவல் செய்து வாழ வேண்டியவராகின்றார். அடிப்படைத் தேவைகளை வழங்குவது அரசின் கடமை என்பதைக் குடும்பங்கள் அனுப்பும் பணம் மறைத்துவிடலாகாது.

பணம் செலுத்தும் முறை, அனுமதிக்கப்பட்ட பொருட்கள், சிறைக் கடையின் விலைகள் ஆகியவற்றை ஒவ்வொரு சிறைச்சாலை வாயிலிலும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைப்பதற்குப் பெருஞ்செலவு ஏற்படாது. தமிழ் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தினால் அரச கரும மொழியாக்கப்பட்டது. தென்னிலங்கைச் சிறையொன்றின் வாயிலில் நிற்கும் கிழக்கிலங்கைத் தாய்க்கும் அந்த உரிமை உண்டு. இவ்விபரங்களை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கோரலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் கோரிக்கை பற்றிய தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது தனிப்பட்ட சுதந்திரம் சம்பந்தப்பட்டதாயின் நாற்பத்தெட்டு மணித்தியாலங்களுக்குள் பதிலளிக்கப்பட வேண்டும்.

ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் சம்மேளனங்களும் இதில் ஆற்றக்கூடிய பணி பெரிது. ஸகாத் பெறத் தகுதியுடையோரென அல்குர்ஆன் வகுத்த எட்டுப் பிரிவினருள் கடன்பட்டோரும் அடிமைத்தளையில் உள்ளோரும் அடங்குவர். சிறு தண்டப்பணத்தால் சிறைப்பட்டோர் இவற்றுள் அடங்குவரா என்பதை உலமாக்களிடம் கேட்டறிந்து செயற்படலாம். திருவிழாக் காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு அன்னதானம் வழங்கும் ஆலயங்கள், அச்செலவில் ஒரு சிறு பகுதியைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் ஆலோசனையுடன் இதற்கென ஒதுக்கலாம். சில ஆயிரம் ரூபாவுக்காக ஒருவர் சிறையிலிருக்க, அவரது பிள்ளைகள் பாடசாலையை விட்டு விலகும் நிலையைத் தடுக்க இதனால் இயலும். இரு சமூகங்களும் சேர்ந்தே இந்நிதியை நடத்துமாயின், அதன் பயன் சிறை வாயிலுக்கு அப்பாலும் செல்லும்.

சிறைச்சாலைகள் திணைக்களம் ஓர் அறிவித்தற் பலகையுடனும், நமது சமூக நிறுவனங்கள் ஒரு சிறு நிதியுடனும் இப்பணியைத் தொடங்கலாம். அதுவரையில் குடும்பங்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டியவை மூன்று: முதலில் வழக்கின் நிலையை விசாரித்தறிதல், உரிய அலுவலகத்தில் மட்டும் பணம் செலுத்துதல், பற்றுச்சீட்டின்றி ஒரு சதமேனும் கொடாதிருத்தல்.